ஆட்டுக்குட்டி பூட்டிய கார்

ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் சொன்னார். இதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு அந்த வயதில்லை. மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டாவது வயிற்றில் இருக்கிறது, அதனால் வேலையை விடுகிறேன். விடுவது சரிதானா என்று இன்று காலை சோறு வடிக்கும்போதுகூட யோசித்தேன். அது என் பாடு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

காரில் என்னென்ன வசதி இருக்கிறது என்று அச்சடித்த வழவழப்பான தாளை உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். நானும் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தவள்தான். என்னைச் சேர்த்த அன்று மேனேஜர் ஒரே ஒரு பாடம் நடத்தினார். "பேசிக்கிட்டே இரும்மா. நீ நிறுத்துனா அவங்க விலையைக் கேப்பாங்க." அதன்படியே பேசினேன். வாய் ஓயாமல் பேசி முதலில் மாட்டியது ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம்.

அவர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். டாஷ்போர்டில் இருந்த ஒரு குமிழைக் காட்டி இது என்ன என்றார். "சிகரெட் லைட்டர் அண்ணாச்சி. அமுக்கினா சூடாயிரும். தீப்பெட்டியே தேவையில்லை" என்று தாளில் இருந்ததைவிட ஒரு வரி கூடுதலாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தீப்பெட்டியே தேவையில்லன்னு எம் மொகத்தப் பாத்துச் சொல்லுதியே தாயி."

கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை மறைத்து ஒரு சாமி படம் ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டித் தந்தோம், காரை எடுத்தார். மறு வருஷம் செல்போன் வாங்கினார். சார்ஜர் மாட்ட அந்த ஓட்டை வேண்டும், ஆனால் சாமியை எடுக்க மனசு வரவில்லை. சாமி படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்துக் கொடுத்தோம். ஒரு வசதி தேவையா இல்லையா என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் ஏங்கிக் கேட்டது எது என்று நினைக்கிறீர்கள்? ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் பெட்டி. கம்பெனி தராத அந்தப் பெட்டியை வெளியே வாங்கி மாட்டினார்கள். தெருவில் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த அத்தனை தாய்மாரும் அதைச் சபித்திருப்பார்கள், நான் உட்பட. சீட் பெல்ட்டை நான் எவ்வளவு சொல்லியும் கேட்காதவர்கள், வத்தல் மூட்டையை முன்சீட்டில் வைத்து அது சரியாமல் இருக்கப் பெல்ட்டை மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். மூட்டைக்கு இருந்த பாதுகாப்பு ஓட்டியவருக்கு இல்லை.

எனக்குப் பயம் என்றால் பவர் விண்டோதான். பட்டனைத் தொட்டால் ஏறி இறங்கும் கண்ணாடி. அப்போது என் மகளுக்கு நடை பழகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, எதைக் கண்டாலும் விரலை விட்டுப் பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் ஷோரூமில் யாரும் இல்லாத நேரத்தில், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சைக் கண்ணாடிக்கு மேல் வைத்துப் பட்டனை அமுக்கினேன். பிஞ்சு நசுங்கிச் சாறு கதவில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்துவிட்டார். என்னம்மா இது என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அந்தக் கதவில் வெள்ளரி வாசம் போக ரெண்டு நாளாயிற்று. அதன் பிறகு அந்த வசதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் குரல் இறங்கிவிடும். அப்போது மேனேஜர் தூரத்திலிருந்து இருமுவார்.

இந்த நிலையில்தான் நாகலாபுரம் பக்கத்திலிருந்து முத்தையா அண்ணாச்சியும் அவர் மனைவி சண்முகத்தாயும் வந்தார்கள். தலைமுறையாக ஆடு வளர்க்கிற குடும்பம், இப்போது மிளகாயும் போடுகிறார்கள். அண்ணாச்சி லைசென்ஸ் எடுத்துவிட்டுத்தான் கார் பார்க்கவே வந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். சண்முகத்தாய் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். இது யாருக்கு? பின்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் யாருக்கு, கூரையில் எரியும் குட்டி விளக்கு யாருக்கு. தாளில் அதற்குப் பதில் இல்லை.

அண்ணாச்சிக்குப் பவர் விண்டோ பிடித்துவிட்டது. நாலு கண்ணாடியையும் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான் சண்முகத்தாய் அக்காவை ஒதுக்கி அழைத்து, சின்னப் பிள்ளைகள் ஏறினால் அந்தக் கண்ணாடியைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். மேனேஜர் இருமினார். சண்முகத்தாய் புருஷனைப் பார்த்தபடியே சொன்னார்: "அவியளுக்குக் கண்ணாடிதான் புடிச்சிருக்கு தாயி. காரு அதோட சேந்து வருதுன்னு எடுக்காவ."

எல்லா வசதியும் உள்ள வண்டியே முடிவாயிற்று. ஒரு கதவைப் பூட்டினால் நாலு கதவும் பூட்டிக்கொள்ளும் சென்ட்ரல் லாக்கும் அதில் உண்டு.

டெலிவரி அன்று வாடகை வேனில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி, அக்கா, மகள் செல்வி, செல்வியின் கைக்குழந்தை, ஒரு வெள்ளாட்டுக்குட்டி. பிரசவத்துக்கு வந்த மகளையும் பேத்தியையும் விளாத்திகுளத்தில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் காரின் முதல் பயணம். ஆட்டுக்குட்டி எதற்கு என்று கேட்டேன். வண்டியில் முதலில் யார் ஏறுவது என்று வீட்டில் வழக்கு நடந்திருக்கிறது. பேத்திதான் ஏற வேண்டும் என்று அண்ணாச்சி. ஆட்டால் வந்த வண்டி, எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் குட்டிதான் முதலில் மிதிக்கும், அதை மாற்ற மாட்டேன் என்று அக்கா. கடைசியில் இரண்டும் ஒன்றாக ஏறட்டும் என்று தீர்ப்பாகியிருக்கிறது. வாசலில் வைத்து முன்பக்கம் குட்டியையும் பின்பக்கம் குழந்தையையும் ஒரே சமயத்தில் ஏற்றினார்கள். மேனேஜர் புது சீட்டுக் கவரைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

நான் கூடவே போனேன். நம் வண்டிகள் எல்லாம் பூசை போடும் அந்த ரோட்டோரப் பிள்ளையார் கோயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை வெயில். அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். குழந்தை பின்சீட்டில், சேலையை மடித்துப் போட்ட மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏசி ஓடட்டும், எழுப்ப வேண்டாம் என்று செல்வி சொன்னாள். அதனால் என்ஜினை நிறுத்தாமல், சாவியையும் முன்சீட்டில் குட்டியையும் வண்டியிலேயே விட்டுவிட்டு எல்லோரும் இறங்கினோம். ஏசி வெளியே போய்விடுமே என்று கதவுகளையும் கண்ணாடிகளையும் நன்றாகச் சாத்தினோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி சூடம் ஏற்றினார்.

வெளியே எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் குட்டிக்கு உள்ளே இருப்புக் கொள்ளுமா? டிரைவர் சீட்டில் ஏறி, ஜன்னல் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தது. கதவைப் பூட்டும் குமிழ் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. டக் என்று ஒரு சத்தம். நாலு கதவிலும் ஒன்றாகக் கேட்டது.

எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் புரிந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. அடுத்த கதவு, அதுவும் இல்லை. செல்வி என் முகத்தைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு சாவி எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்ததாக அண்ணாச்சி சொன்னார். டெலிவரிக்குப் போகும்போது ஷோரூமில் ஒரு செல்போன் கொடுத்து அனுப்புவார்கள், அதில் மேனேஜரைக் கூப்பிட்டேன். பூட்டைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கக் கயத்தாறு போயிருக்கிறார், உடனே வரச்சொல்கிறேன் என்றார். கயத்தாற்றிலிருந்து உடனே என்றால் எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்வி பின்கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். அதில் குட்டி மிரண்டு ஒரே தாவாகப் பின்சீட்டுக்குப் போய்க் குழந்தையின் தலைமாட்டில் நின்றது. குளம்புக்கும் குழந்தையின் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருக்கும். தட்டாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி உடைக்க வைத்திருந்த தேங்காயை ஓங்கிக்கொண்டு பின்கண்ணாடிக்கு வந்தார். அவரை மறித்தேன். குழந்தைக்கு மேலேயே தூள் விழும் என்றேன். என் மகள் உள்ளே இருந்தால் இப்படி நின்று நியாயம் பேசுவேனா, நானே அல்லவா உடைத்திருப்பேன் என்று அப்போதும் தோன்றியது. ஆனால் என்ஜின் ஓடுகிறது, உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, குழந்தை தூங்குகிறது. என்ஜின் ஓடும்வரை நமக்கு நேரம் இருக்கிறது. அதைச் சத்தமாகச் சொன்னேன், அவர்களுக்காகவும் எனக்காகவும்.

சொல்லிவிட்டு டிரைவர் பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபோதுதான் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கைக் கண்டேன். பெட்ரோல் இல்லை. அடுத்த பங்க்குக்குப் போய்ச்சேரும் அளவுக்குத்தான் நாம் ஊற்றிக் கொடுப்போம் என்பது உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். என்ஜின் நின்றால் ஏசி நிற்கும். சித்திரை வெயிலில் பூட்டிய கார் எவ்வளவு சீக்கிரம் அடுப்பாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்ணாச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். தேங்காயைப் போட்டுவிட்டு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இடப்பக்க முன்கதவுக் கண்ணாடி அருகே நில்லுங்கள், குழந்தைக்கு எட்டத்தில் இருப்பது அதுதான், என்ஜின் நின்றால் யாரையும் கேட்காமல் உடையுங்கள், அதுவரை கல்லை ஓங்க வேண்டாம், குட்டி மிரளும் என்றேன். அவர் கல்லோடு போய் நின்றார். பூசாரி சூடத் தட்டோடு நின்றார், அணைப்பதா ஆராதனையை முடிப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு நேரமும் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்த சண்முகத்தாய் என்னிடம் கேட்டார்.

"தாயி, கண்ணாடி எறங்குத பட்டன் எங்கன இருக்கு?"

டிரைவர் கதவில் கை வைக்கிற இடத்தில் என்றேன்.

"குட்டி அதுல கால வச்சா எறங்குமா?"

முன்பக்கம் மிதித்தால் இறங்கும், பின்பக்கம் மிதித்தால் ஏறும் என்றேன். "அது குட்டிக்குத் தெரியாதே" என்றார். மடியை அவிழ்த்தார். குட்டிக்கென்று முடிந்து வைத்திருந்த கருவ நெத்து, காய்ந்த கருவேலங்காய்கள் இருந்தன. டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு வந்து அதைக் குலுக்கினார். கிலுகிலு என்ற அந்தச் சத்தத்துக்குக் குட்டியின் காது நிமிர்ந்தது. குழந்தையின் தலைமாட்டை விட்டு முன்சீட்டுக்குத் தாவியது. செல்வி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அக்கா நெற்றைக் கண்ணாடியின் உயரத்துக்குக் காட்டினார். குட்டி கதவில் காலை ஊன்றி எழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சறுக்கி விழுந்து மறுபடி எழுந்தது. பின்பக்கக் கதவின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. அடுத்த மிதியில் மேலே ஏறிக்கொண்டது. "ஏலே, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று அக்கா நெற்றை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியது. இரண்டு விரல். இன்னொரு மிதி, ஒரு கை.

நான் வளையலைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்தேன். அந்த வெள்ளரிப் பிஞ்சு ஞாபகம் வராமல் இருக்குமா. வந்தது. கையை உள்ளே விட்டேன். முழங்கைவரை போயிற்று. குமிழ் நாலு விரல் தள்ளி இருந்தது. தோளைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் நுழைக்கும்போது குட்டி காலை மாற்றியது. கண்ணாடி ஏற ஆரம்பித்தது. கையை உருவ இடமில்லை, கண்ணாடி சதையைப் பிடித்துவிட்டது.

"அக்கா, நெத்தக் கீழ போடுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த நெற்றை அப்படியே தரையில் போட்டார். நெற்றுக் கண்ணில் படாமல் போனதும் குட்டி சீட்டில் இறங்கி நின்றது, கண்ணாடியும் அந்த இடத்திலேயே நின்றது. வலியில் உயிர் போயிற்று. விரல் நுனியில் குமிழ் பட்டது. மேலே நெம்பினேன். அந்த டக் சத்தம் நாலு கதவிலும் கேட்டது.

செல்வி பின்கதவைத் திறந்து குழந்தையை அள்ளினாள். குழந்தை அப்போதுதான் விழித்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, அழ வேண்டுமா என்று யோசித்தது. அக்கா முன்கதவை என் கையோடு சேர்த்துத் திறந்து, எட்டிப் பட்டனை மிதமாக அமுக்கி என்னை விடுவித்தார். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் வருவதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கித் தானாகவே நின்றுபோயிற்று. அண்ணாச்சி என்ஜின் சத்தம் நின்றதைக் கேட்டார். கையில் கல் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தார்.

படியில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, கையால சுத்துத கண்ணாடி வச்ச வண்டி ஒங்ககிட்ட இருக்குல்லா? அதையே மாத்திக் குடுத்திரு."

எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் பயந்ததுதானே நடந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், கதவைத் திறக்க வழிவிட்டதும் அந்தக் கண்ணாடிதான். சுற்றுகிற கண்ணாடியைக் குட்டி இறக்கியிருக்காது. இதையெல்லாம் அவரிடம் சொல்வதா, சொன்னால் வியாபாரம் கெடாமல் இருக்கப் பேசுகிறேன் என்று நினைப்பாரா என்று நான் குழம்பும்போதே சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பிள்ளைக்காரி. ஒம் மகளுக்குன்னா எத எடுப்ப?"

வாய் ஓயாமல் பேசக் கற்றவள்தான் நான். "தெரியலக்கா" என்றேன். பிறகு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். எந்த வண்டியானாலும் சரி, பிள்ளை உள்ளே இருந்தால் சாவி வெளியே நம் கையில் இருக்க வேண்டும். ஏசி ஓட வேண்டும் என்றால் பெரிய ஆள் ஒருவரும் பிள்ளையோடு உள்ளேயே இருக்க வேண்டும்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா தாயி. அன்னைக்குப் பின்னாடி தொடைக்கதப் பத்தியே அம்புட்டு நேரம் சொன்ன."

தாளில் அது இல்லை. உங்களுக்குக் கொடுத்த தாளிலும் இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா அதற்கு மேல் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குட்டியைப் பிடித்து அண்ணாச்சி கையில் கொடுக்கச் சொன்னார். பூசாரிக்குத் தெரிந்த ஒருவர் பங்க்கிலிருந்து கேனில் பெட்ரோல் வாங்கி வந்தார், ஊற்றி வண்டியைக் கிளப்பினோம். வண்டியை மாற்றுகிற பேச்சை அண்ணாச்சி இன்னொரு தடவை எடுத்தார்.

"பூசையப் பாருங்க" என்றார் அக்கா.

பூசாரி புதிதாகச் சூடம் ஏற்றினார். அண்ணாச்சி ஒரு கையில் குட்டியை அணைத்துக்கொண்டு மறு கையால் தேங்காயை உடைத்தார். டெலிவரிக்கு நாங்கள் அவர் கழுத்தில் போட்ட மாலையைக் குட்டி கடித்துக்கொண்டிருந்தது. சூடத் தட்டைப் பூசாரி காரைச் சுற்றிக் கொண்டுவந்தபோது அக்கா இறங்கவில்லை. குழந்தையின் இரண்டு கையையும் தன் மடிக்குள் பொத்திக்கொண்டு, தன் பக்கக் கதவில் தடவிப் பார்த்து அங்கிருந்த பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கினார். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது. கையை வெளியே நீட்டிச் சூடத்தை ஒற்றிக்கொண்டார், திருநீற்றை எடுத்துக் குழந்தைக்குப் பூசினார், கண்ணாடியை ஏற்றப் போனவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.